எல்லா போட்டோவும் ஒரே சைஸ்ல இருந்தா கண்ணு எங்க போய் நிக்கும்?

போன இதழ்ல ஒரு வாசகி ஸ்கூல் இயர்புக் (அந்த வருஷத்து போட்டோ, நினைவு எல்லாம் சேத்து ஸ்கூல் போடுற புக்) பத்தி கேட்டதுக்கு ரெண்டே வரியில பதில் சொல்லிட்டு போயிட்டேன். அதுக்கு அப்புறம் வந்த மெயில்ல பாதிக்கு மேல இதே விஷயம்தான், பன்னெண்டாவது படிக்கிற பசங்க, இயர்புக் பொறுப்பு தலையில விழுந்த டீச்சருங்க, ஒரு அம்மா கூட எழுதியிருக்காங்க. அதனால இந்த தடவை வேற எந்த கேள்வியும் எடுக்கல. பக்கம் போடுற வேலையிலேயே பல வருஷமா இருக்கேன், அதுலயும் இயர்புக் பக்கம்னா எனக்கு தனி பிரியம், ஏன்னா நாங்க போடுற பத்திரிகைய ஒரு வாரத்துல மறந்துடுவாங்க, இயர்புக்க நாப்பது வருஷம் பீரோல வெச்சிருப்பாங்க.

கேள்வி: அக்கா, நாங்க ஸ்போர்ட்ஸ் டேக்கு ரெண்டு பக்கம் போட்டிருக்கோம். மொத்தம் 18 போட்டோ, எல்லாமே நல்ல போட்டோ, எதையும் விட மனசு வரல. டெம்ப்ளேட்ல இருக்குற கட்டத்துல வரிசையா போட்டுட்டோம். ஆனா பாக்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஷீட் மாதிரி இருக்கு. என்ன தப்புன்னு தெரியல. (பன்னெண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: தங்கச்சி, என்ன தப்புன்னு நீயே சொல்லிட்டியேம்மா, எதையும் விட மனசு வரல. பதினெட்டும் ஒரே அளவுல நின்னா எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி, ஒருத்தர் பேசுறதும் காதுல விழாது. கண்ணு உள்ள வந்ததும் முதல்ல போய் நிக்க ஒரு இடம் வேணும். அந்த இடத்துல ஒரே ஒரு பெரிய போட்டோ, பக்கத்துல இருக்குற மத்த எந்த போட்டோவையும் விட ரெண்டு மடங்கு, முடிஞ்சா ரெண்டரை மடங்கு பெருசா. கொஞ்சம் பெருசா வெச்சா பத்தாது, அது அளவு தப்பா போச்சுன்னுதான் தோணும். பெருசுன்னா தைரியமா பெருசா வைக்கணும்.

எதை பெருசா வைக்கிறதுன்னா, கப்பு வாங்கிட்டு கேமராவ பாத்து சிரிக்கிற போட்டோவ எடுக்காத. அது எல்லா வருஷமும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆளு மட்டும்தான் மாறும். ரிலேல கட்டை கை மாறுற அந்த அரை செகண்ட் போட்டோ இருக்கான்னு பாரு, முன்னாடி ஓடுறவ கை பின்னால நீண்டிருக்கும், கண்ணு முன்னாடி இருக்கும், பின்னாடி வர்றவ பல்ல கடிச்சிட்டு இருப்பா, ரெண்டு பேரு விரலுக்கும் நடுவுல ஒரு ஜாண் இடைவெளி. கட்டை கைக்கு போச்சா கீழ விழுந்துச்சான்னு பாக்குறவங்க மனசு அடிச்சிக்கும். அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா அது போதும், மத்ததெல்லாம் அதுக்கு துணைக்கு நிக்கட்டும்.

துணைக்கு ஒரு ஆறு ஏழு போதும். அதுவும் எல்லாமே ஓட்டமா இருக்க வேணாம். தூரத்துலேந்து மைதானம் முழுக்க தெரியுற மாதிரி ஒண்ணு, ரொம்ப கிட்டக்க மண்ணு ஒட்டின முட்டி ஒண்ணு, தோத்துட்டு தனியா உக்காந்திருக்குற பிள்ளை ஒண்ணு (அவகிட்ட கேட்டுட்டு போடு), கத்தி கத்தி தொண்டை கட்டின கூட்டம் ஒண்ணு. உயரவாக்குல நிக்கிற போட்டோ கொஞ்சம், அகலவாக்குல படுத்த போட்டோ கொஞ்சம்னு வடிவமும் மாறட்டும். மிச்சம் பத்து பதினோரு போட்டோவ தூக்கி போடாத, அதுல இருக்குற முகங்கள வேற பக்கத்துல எப்படி கொண்டு வர்றதுன்னு கீழ ஒரு டீச்சருக்கு சொல்லியிருக்கேன், அதையும் படி.

வைக்கும்போது பெரிய போட்டோவ நடுவுக்கு பக்கமா வெச்சு அத சுத்தி மத்ததை அடுக்கு, நடு மடிப்ப தாண்டி எதிர்பக்கம் வரைக்கும் அது போனா இன்னும் நல்லது, ரெண்டு பக்கமும் ஒண்ணா சேந்துடும். ஆனா மடிப்புல யாரு முகமும் மாட்டக்கூடாது, புக்க விரிச்சா அந்த இடம் உள்ள போயிடும், பாதி மூக்கோட ஒரு பிள்ளை காலத்துக்கும் நிக்கும். போட்டோல இருக்குறவங்க எந்த பக்கம் பாக்குறாங்கன்னும் கவனி. வெளி ஓரத்துல நிக்கிற பொண்ணு வெளிய பாத்தா படிக்கிறவங்க கண்ணும் அவ கூடவே பக்கத்த விட்டு போயிடும், உள்பக்கம் பாக்குற மாதிரி இடத்த மாத்து. போட்டோவ கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பி மட்டும் போடாத, ஜெர்சி நம்பர் இடம் வலமா மாறி போயிடும், அத விட அது நடந்தது அப்படி இல்ல.

போட்டோக்களுக்கு நடுவுல இடைவெளி எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கணும். இயர்புக் போடுறவங்க வழக்கமா ஒரு பைக்கா விடுவாங்க, ஒரு இன்ச்ல ஆறுல ஒரு பங்கு, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ஒரு இடத்துல 3, ஒரு இடத்துல 7ன்னு இருந்தா பாக்குறவங்களுக்கு ஏன்னு சொல்ல தெரியாது, ஆனா பக்கம் அலங்கோலமா இருக்குன்னு தோணிடும். காலி இடம் விடுறதா இருந்தா வெளி ஓரத்துக்கு தள்ளி விடு, நடுவுல நாலு பக்கமும் அடைச்சுக்கிட்டு ஒரு காலி கட்டம் இருந்தா போட்டோ விழுந்து போன ஆல்பம் மாதிரி இருக்கும்.

எல்லாம் வெச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னு கண்ண பாதி மூடி பாரு. மங்கலா தெரியும்போதும் ஒரு இடம் மட்டும் எந்திரிச்சு நிக்குதா, பக்கம் சரியா வந்திருக்கு.

கேள்வி: பக்கம் கலர்ஃபுல்லா இருக்கணும்னு பின்னாடி ஒரு போட்டோவ லைட்டா போட்டு, அது மேல எழுத்து, ஸ்டிக்கர், பார்டர் எல்லாம் வெச்சோம். எங்க ஆர்ட் சார் எல்லாத்தையும் எடுக்க சொல்றாரு. வெறும் வெள்ளையா இருந்தா நல்லாவா இருக்கும்? (பதினொண்ணாம் வகுப்பு மாணவர்)

பதில்: தம்பி, நான் உங்க சார் பக்கம். பின்னாடி மங்கலா ஒரு கட்டடம், அது மேல பத்து வரி எழுத்து, இத படிக்க முடியாதுப்பா. ஜன்னல் கம்பி எது எழுத்து எதுன்னு கண்ணு தடுமாறும். வெள்ளைய காலின்னு நினைக்காத, அந்த வெள்ளை இருக்குறதாலதான் போட்டோல இருக்குற கலர் தெரியுது.

ஃபான்ட் ரெண்டு போதும், தலைப்புக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு, புக் முழுக்க அதே ரெண்டு. ஓடுற எழுத்து 9, 10 பாயிண்ட், கேப்ஷன், அதாவது போட்டோக்கு கீழ வர்ற வரி, 8 வரைக்கும் இறங்கலாம், அதுக்கு கீழ வேணாம். தமிழ்ல போடுறதா இருந்தா வரிக்கும் வரிக்கும் நடுவுல இங்கிலீஷ விட கொஞ்சம் கூட இடம் விடணும், நமக்கு மேல கொம்பு சுழி, கீழ கால்னு ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு இருக்கும், நெருக்கி போட்டா மேல் வரில இருக்குற 'கு' கீழ் வரில இருக்குற 'கீ'-ய போய் இடிக்கும். பக்கம் போடுற சாஃப்ட்வேர் இன்டிசைன்ல தமிழ் ஒடைஞ்சு ஒடைஞ்சு வந்தா பயப்படாத, பாராகிராஃப் செட்டிங்ல வேர்ல்டு ரெடி கம்போசர்னு ஒண்ணு இருக்கும், அத மாத்தினா எழுத்து சேந்துக்கும்.

ஸ்டிக்கர் ஆசைய ஒரேடியா விட சொல்லல. ஒரு கலர், ஒரு கோடு, ஒரு வடிவம்னு ஏதாவது ஒண்ண எடுத்துக்கோ, அத முதல் பக்கத்துலேந்து கடைசி பக்கம் வரைக்கும் கொண்டு போ. அதுவே அலங்காரம்தான்.

கேள்வி: எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், அப்புறம் எதுக்கு ஒவ்வொரு போட்டோக்கும் கீழ பேரு? இடம்தான் வீணாகுது. 'மறக்க முடியாத தருணங்கள்'னு ஒரு தலைப்பு போட்டா போதாதா? (இயர்புக் குழு மாணவர்கள், நாலு பேரு சேந்து கேட்டது)

பதில்: இந்த கேள்விக்குத்தான் நான் உக்காந்து நிதானமா பதில் எழுதணும்னு நினைச்சேன்.

என்கிட்ட என் ஸ்கூல் கடைசி வருஷ புக் இருக்கு. அதுல நடுப்பக்கம் ஒரு குரூப் போட்டோ, மரத்தடியில பதினோரு பேரு, கீழ 'இனிய நினைவுகள்'னு பெருசா, பூ வேலை எல்லாம் பண்ணி. பேரு கிடையாது. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு நாங்க ஏழு பேரு ஒண்ணு கூடினப்போ அந்த பக்கத்த விரிச்சு வெச்சு ஒவ்வொருத்தரா சொல்லிக்கிட்டே வந்தோம், இடதுலேந்து மூணாவதா நிக்கிற பொண்ணு பேரு ஏழு பேருக்கும் வரல. ரெட்டை ஜடை, ஒரு ஜடை முன்னாடி ஒரு ஜடை பின்னாடி, கையில வாட்டர் பாட்டில், பக்கத்துல இருக்குறவ தோள்ல கை போட்டிருக்கா. அந்த பக்கத்துல இருக்குறவ நான். என் தோள்ல கை போட்டு நிக்கிறவ பேரு எனக்கு தெரியல. அன்னைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகல. கீழ ஒரே ஒரு வரி, 8 பாயிண்ட்ல, பதினோரு பேரு, அந்த பூ வேலை பண்ணின இடத்துல தாராளமா கொள்ளும்.

அதனால பசங்களா, இப்போ எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்ங்கறது உண்மைதான், ஆனா புக்கு இப்போ படிக்கிறதுக்கு மட்டும் இல்ல.

பேரு போடுறதோட நிறுத்தாதீங்க. போட்டோல கண்ணுக்கு தெரியுறத திருப்பி சொல்ற கேப்ஷன் வீண்தான், அதுல நீங்க சொல்றது சரி. 'மாணவர்கள் நாடகத்தில் நடிக்கின்றனர்'னு எழுதினா, ஆமா தெரியுதே. போட்டோல தெரியாதத எழுதுங்க. யாரு, என்ன, எப்போ, எங்கங்கறது முதல் வரியில, நடந்துக்கிட்டு இருக்குற மாதிரி. ரெண்டாவது வரியில அந்த போட்டோக்கு முன்னாடியோ பின்னாடியோ என்ன நடந்துச்சுங்கறது. மூணாவதா அவங்களே சொன்ன ஒரு வார்த்தை கிடைச்சா அதுதான் தங்கம். பாருங்க, ஒரு நாடக போட்டோக்கு இப்படி எழுதலாம், பேர நீங்க போட்டுக்கோங்க: 'மேடைக்கு பின்னால, திரை தூக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது ராஜா வேஷத்துல இருக்குறவருக்கு மந்திரி மீசை ஒட்டி விடுறாரு. ஒட்டின மீசை முதல் சீன்லயே விழுந்துச்சு, மிச்ச நாடகம் முழுக்க ராஜா ஒரு கைய மூக்குக்கு கீழயே வெச்சுக்கிட்டு நடிச்சாரு.' இப்போ அந்த போட்டோவ இன்னொரு தடவை பாப்பாங்கள்ல? அதுக்குத்தான் கேப்ஷன்.

இத ஆபீஸ் ரூம்ல உக்காந்து யோசிச்சு எழுத முடியாது. போட்டோவ எடுத்துட்டு போய் அதுல இருக்குறவங்ககிட்ட காட்டி, அப்போ என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். கேட்ட அன்னைக்கே எழுதி வெச்சிடுங்க.

இன்னொண்ணு, கேப்ஷன் அதோட போட்டோவ ஒட்டி இருக்கணும். எல்லா கேப்ஷனையும் ஒரு மூலையில சேத்து 'மேல் வரிசை இடது, கீழ் வரிசை வலது'ன்னு போட்டா யாரும் தேடி படிக்க மாட்டாங்க. லேஅவுட் போடும்போதே கேப்ஷனுக்கு இடம் ஒதுக்கிடுங்க, போட்டோ எல்லாம் வெச்ச பிறகு மிச்ச இடத்துல திணிச்சா அது திணிச்ச மாதிரியேதான் இருக்கும்.

கேள்வி: எங்க புக்குல எந்த பக்கத்த திருப்பினாலும் அதே பத்து பன்னெண்டு பிள்ளைங்கதான். போன வருஷம் ஒரு பையன், 'மிஸ், நான் இந்த புக்குல வரிசை போட்டோல மட்டும்தான் இருக்கேன்'னு சொன்னான். இத டிசைன்ல சரி பண்ண முடியுமா? (ஆசிரியை)

பதில்: முடியும் டீச்சர், நீங்க கேட்டதே பெரிய விஷயம். முதல்ல ஒரு நோட்டு போடுங்க, இல்ல ஒரு எக்செல் ஷீட், எல்லா பிள்ளைங்க பேரும் ஒரு பக்கம், எந்தெந்த பக்கத்துல வந்திருக்காங்கன்னு எதிர்ல. ஒவ்வொரு பக்கம் முடிஞ்சதும் குறிச்சுக்கிட்டே வாங்க. பாதி வேலை முடியும்போது பாத்தா யாருக்கு எட்டு இருக்கு யாருக்கு ஒண்ணு கூட இல்லன்னு பளிச்சுன்னு தெரிஞ்சுடும். வரிசை போட்டோ இல்லாம குறைஞ்சது இன்னும் ரெண்டு இடத்துல ஒவ்வொருத்தரும் வரணும்னு ஒரு கணக்கு வெச்சுக்கோங்க. பதினஞ்சு பேருக்கு ஒண்ணு கூட இல்லன்னு ஜனவரில தெரிஞ்சா சரி பண்ணலாம், அச்சுக்கு போன பிறகு தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

டிசைன் பக்கம் என்ன பண்ணலாம்னா, ஒவ்வொரு ரெண்டு பக்கத்துலயும் ஓரமா ஒரு சின்ன பட்டை ஒதுக்குங்க. பெரிய போட்டோவும் செய்தியும் அது பாட்டுக்கு இருக்கட்டும், இந்த பட்டையில அஞ்சு முகம், சின்னதா, ஒரே ஒரு கேள்வி, ஒவ்வொருத்தரும் ஒரு வரி பதில். கேள்வி குறிப்பா இருந்தாதான் பதில் நல்லா வரும், 'ஸ்கூல் எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டா 'சூப்பர்'னு சொல்லிட்டு போயிடுவாங்க, 'உன் பென்சில் பாக்ஸ்ல இப்போ என்னென்ன இருக்கு', 'இந்த வருஷம் எதுக்கு அழுத'ன்னு கேளுங்க. முப்பது பட்டை போட்டா நூத்தம்பது முகம் உள்ள வந்துடும்.

அந்த பன்னெண்டு பேரே ஏன் வர்றாங்கன்னா, மேடையில இருக்குறவங்களைத்தான் கேமரா பாக்குது. லைப்ரரில, பஸ்ல, ரெக்கார்டு நோட்டு எழுதுற கடைசி பெஞ்சுல, மேடைக்கு லைட் பிடிக்கிற பையன்கிட்ட கேமராவ அனுப்பணும். டிசைன் சரி பண்ணுறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை இதுதான்.

போட்டோ வேணாம்னு சொல்ற பிள்ளைய வற்புறுத்த வேணாம். அவங்க கையெழுத்தையோ வரைஞ்ச படத்தையோ வாங்கி போடலாம். தூங்குறது, வாய பொளந்துட்டு இருக்குறதுன்னு கேலிக்கு எடுத்த போட்டோ எதுவும் அவங்க சம்மதம் இல்லாம உள்ள வரவே கூடாது, அச்சுல ஏறினத யாரும் டெலிட் பண்ண முடியாது.

கேள்வி: ஸ்கிரீன்ல பளபளன்னு இருந்த போட்டோ பிரின்ட்ல மங்கி, மொசைக் மாதிரி வந்துடுச்சு. பிரஸ் மேல தப்பா? (முன்னாள் மாணவர், இப்போ ஜூனியருக்கு உதவுறவர்)

பதில்: ரெண்டு தனித்தனி விஷயம் இது. மொசைக் ஆகுறதுக்கு காரணம் பிக்சல் பத்தாதது. அச்சுக்கு ஒரு இன்ச்சுக்கு 300 பிக்சல்னு கணக்கு. 1,600 பிக்சல் அகலமுள்ள போட்டோவ 300ஆல வகுத்தா 5 இன்ச்சுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான் அத பெருசாக்கலாம். ஏ4 முழுப்பக்கம் நிறையணும்னா 2,480க்கு 3,508 வேணும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா போட்டோ சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, இல்ல டிரைவ்ல போட சொல்லுங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புறத அடியோட நிறுத்துங்க. சின்ன போட்டோவ சாஃப்ட்வேர்ல இழுத்து பெருசாக்கினா ஃபைல் சைஸ்தான் கூடும், இல்லாத கண் இமை வந்துடாது.

மங்குறது வேற. ஸ்கிரீன் வெளிச்சத்தால கலர் காட்டுது, சிவப்பு பச்சை நீலம். அச்சுல சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. பளிச்சுனு அடிக்கிற நீலம், ரேடியம் பச்சை எல்லாம் அந்த நாலு மைக்குள்ள வரவே வராது. அதனால தலைப்புக்கு அந்த மாதிரி கலர் தேர்ந்தெடுக்காதீங்க, போட்டோவ கொஞ்சம் வெளிச்சம் கூட்டி அனுப்புங்க, பேப்பர்ல அது இருட்டாத்தான் உக்காரும். சின்ன எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் குடுங்க, நாலு மையும் கலந்த கறுப்புன்னா மயிரிழை விலகினாலும் எழுத்து நிழல் அடிக்கும்.

கேள்வி: வரிசையா முகம் மட்டும் இருக்குற பக்கங்கள் ரொம்ப போர். வட்டமா, கோணலா, ஆளுக்கு ஒரு சைஸ்ல வைக்கலாமா? (பன்னெண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: வேணாம்மா. இயர்புக் ஆரம்பிச்சதே இந்த முகங்கள்லதான். அமெரிக்கால 1860கள்ல ஜார்ஜ் வாரன்னு ஒரு போட்டோகிராபர் காலேஜ் பசங்கள எடுத்து, நிறைய பிரதி போட்டு குடுப்பாரு, பசங்க வேணுங்கற நண்பர்கள் படத்த வாங்கி சேத்து ஆல்பமா கட்டிப்பாங்க. அந்த பக்கத்துல எல்லாரும் சமம், அதுதான் அதோட அழகு. ஒருத்தி முகம் பெருசு ஒருத்தி முகம் சின்னதுன்னா சின்னதா இருக்குறவளுக்கு எப்படி இருக்கும்?

அழகு பண்ண வேற வழி இருக்கு. எல்லா தலையும் ஒரே அளவா வெட்டு, எல்லார் கண்ணும் ஒரே கோட்டுல வரணும், பின்னாடி சுவரு ஒரே கலர். இது மூணும் சரியா இருந்தாலே பக்கம் கம்பீரமா இருக்கும். பேர முகத்துக்கு கீழயோ, அந்த வரிசைக்கு நேரா ஓரத்துலயோ போடு, அகரவரிசைல. லீவுல இருந்தவங்களுக்கு இன்னொரு நாள் எடுத்துடுங்க, 'படம் இல்லை'ன்னு சாம்பல் கட்டம் போட வேணாம்.

கேள்வி: ஏஐ-ல படம் போட்டு அட்டை, பின்னணி பண்ணலாமா?

பதில்: உங்க பிள்ளைங்க இருக்குற புக்குல, நடக்காத ஒண்ணு எதுக்கு? உங்க ஸ்கூல்லயே நல்லா வரையுற பிள்ளை இருக்கும், அத கேளுங்க.

கேள்வி: ரெண்டு நாள்ல பிரஸ்ஸுக்கு குடுக்கணும். கடைசியா எதெல்லாம் பாக்கணும்? (இயர்புக் பொறுப்பாசிரியர்)

பதில்: பக்க எண்ணிக்கை நாலால வகுபடுதான்னு பாருங்க சார், இல்லன்னா கடைசில வெள்ளை பக்கம் நிக்கும். ஓரம் வரைக்கும் போற போட்டோ வெட்டுக்கோட்ட தாண்டி 3 மில்லிமீட்டர் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், எழுத்தும் முகமும் அதே கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் உள்ளயே இருக்கணும். பைண்டிங் பக்கம் இன்னும் கூட விடுங்க. ஸ்கிரீன்ல பாத்து ஓகே சொல்லாதீங்க, எல்லா பக்கத்தையும் நிஜ அளவுல சாதா பிரின்டர்ல எடுத்துடுங்க, கறுப்பு வெள்ளைல எடுத்தாலும் பரவால்ல.

அப்புறம் பேரு. அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர ஒருத்தர் சத்தமா படிக்கணும், இன்னொருத்தர் பக்கத்துல விரல் வெச்சு பாக்கணும். ஆனா ரிஜிஸ்டர்லயே தப்பு இருக்கும், அதனால நான் என்ன சொல்வேன்னா பிரின்ட் எடுத்த பக்கத்த அந்தந்த கிளாஸ்க்கு ஒரு பீரியடு அனுப்பிடுங்க, ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரு பக்கத்துல பென்சில்ல ஒரு டிக் போடட்டும். ஒரு தடவை நான் கூட இருந்து பாத்தேன், நாப்பத்திரண்டு பேருல அஞ்சு பேருக்கு இனிஷியல் தப்பு. அதுல ஒரு பொண்ணு டிக் போடாம ரொம்ப நேரம் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தா, என்னம்மான்னு கேட்டேன், 'அம்மா பேரோட முதல் எழுத்தும் சேத்து போடலாமா மிஸ்'னா. ரெண்டு எழுத்துக்கும் இடம் இருந்துச்சு, சேத்து போட்டோம்.